நாற்பதாவது பிறந்தநாளும் அம்மாவின் பச்சைச் சேலையும்

ஹட்டன்காரி:

நாற்பது வயதுக்கு எங்கேயாவது தூரமாகப் போக வேண்டும் என்று முப்பத்தெட்டிலேயே தங்கச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் மாலைதீவு என்றாள். நான் 2024 மே மாதம் போனது உக்ரைனுக்கு. அம்மாவிடம் "போலந்துக்குப் போகிறேன்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, போலந்து வழியாகத்தான் போனேன்.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலை, கையில் அந்த நாட்டுப் பாஸ்போட். எங்கள் வார்டுக்கு ஒரு உக்ரைன்காரி உதவியாளராக வந்து சேர்ந்தாள். சண்டை தொடங்கிய பிறகு இங்கிலாந்தில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் இடம் கொடுத்து அழைத்துக்கொண்ட பெண். அவளுடைய அம்மா லிவீவ் நகரத்திலேயே இருந்துவிட்டார். இராணுவத்துக்கு உருமறைப்பு வலை பின்னுகிறாராம். "என் பிறந்தநாளுக்கு உங்கள் ஊருக்கு வரலாமா?" என்று ஒரு நாள் கேட்டேன். சிரித்தாள். நான் விடவில்லை என்றதும் அம்மாவிடம் கேட்டுப் பதில் கொண்டுவந்தாள்.

அந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் சுட்டது. நர்ஸ் என்பதால் ஆஸ்பத்திரியில் ஏதாவது செய்யலாம் என்று மனதுக்குள் ஒரு கனவு. அம்மையார் சொன்னது இதுதான்: பாஷை தெரியாத நர்ஸ் வேண்டாம், கை வேண்டும். ஒரு வாரத்துக்குக் குறைவாக வருவதானால் வர வேண்டாம், சொல்லிக்கொடுக்கவே ஒரு நாள் போய்விடும். பளபளக்காத பச்சை, பழுப்புத் துணி இருந்தால் கொண்டுவா.

ஜனவரியில் ஊருக்கு வந்தபோது அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து நான்கு பழைய சேலைகளை எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அம்மா கேட்டார். ஞாபகத்துக்கு என்றேன். (அதுதான் பொய்.)

உக்ரைனுக்கு விமானம் கிடையாது. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யாவின் படையெடுப்பு தொடங்கியதிலிருந்து பயணிகள் விமானத்துக்கு அந்த நாட்டு வானம் மூடியே இருக்கிறது. கிராக்கோவ் வரைக்கும் ப்ளைட், அங்கிருந்து எல்லை ஊரான ப்ஷெமிஷிலுக்கு மூன்று மணித்தியாலம் ரயில், அப்புறம் பாஸ்போட் வரிசை, அப்புறம் உக்ரைன் ரயில். என் அப்பா ரயில் பாதையில் வேலை செய்தவர், அதனால் இதைச் சொல்லாமல் போக மாட்டேன்: போலந்தின் பாதை அகலம் 1435 மில்லிமீற்றர், உக்ரைனுடையது 1520. அந்த அகலப் பாதை எல்லையைத் தாண்டி ப்ஷெமிஷில் ஸ்டேஷன் வரைக்கும் வந்து நிற்கிறது. நம் பதுளை ரயில் ஓடுவது 1676இல், ரெண்டையும் விட அகலம்! பெட்டி நிறையப் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். 18இலிருந்து 60 வயது வரையான ஆண்கள், சில விதிவிலக்குகள் தவிர, அப்போது நாட்டை விட்டு வெளியே போக முடியாது. எனக்கு முன்னால் இருந்த பெண், கணவனைப் பார்க்க நான்கு நாள் லீவில் போகிறாள். மடியில் ஒரு கேக் பெட்டி. யாருக்குப் பிறந்தநாள் என்று நான் கேட்கவில்லை. என்னுடையதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

லிவீவ் எல்லையிலிருந்து 70 கிலோமீற்றர்தான். நம்ப மாட்டீர்கள், அழகான ஊர். கோப்பிக் கடைகள் நிறைந்திருக்கின்றன. சதுக்கத்துச் சிலைகளைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள், தேவாலயக் கண்ணாடிகளைப் பலகை, தகடு போட்டு மூடியிருந்தார்கள். கடை வாசலில் ஜெனரேட்டர் புகை. மின்நிலையங்களைத் தொடர்ந்து அடித்ததால் அந்த மாதம் மின்வெட்டு. எந்தக் குரூப்புக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, நீ எந்தக் குரூப், அம்மா எந்தக் குரூப் என்று தங்கச்சியோடு போனில் கணக்குப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஆனால் நம்மை யாரும் குண்டு போட்டு இருட்டாக்கவில்லை. அந்த ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்க முடியாது.

வலை பின்னும் மண்டபத்தில் முப்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் அப்பாயி வயதுப் பெண்கள். மரச்சட்டத்தில் மீன்வலை போன்ற ஒன்றைத் தொங்கவிட்டு, இரண்டு விரல் அகலத் துணிக் கீற்றுகளை ஓட்டைகளுக்குள் வளைத்து வளைத்து முடிய வேண்டும். பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும். மே மாதம் பச்சை, அறுவடைக்குப் பிறகு பழுப்பு, பனிக்கு வெள்ளை. நெருக்கியும் கட்டக்கூடாது, மேலேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது பாய் மாதிரித் தெரியும். நான் முதல் நாள் கட்டியதை ஒரு அம்மையார் ஒன்றும் பேசாமல் அவிழ்த்துக்கொண்டே வந்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கங்காணி கூடையைக் கிளறி முத்தல் இலையை எடுத்து வெளியே போடுவாரே, அதே முகம். என் நான்கு சேலையில் மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நைலக்ஸ், மினுங்குகிறது. அம்மா இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது உள்ளே உடுத்திய பச்சை வாயில் துணிச் சேலை மட்டும் தேறியது. அதைக் கிழித்துக் கொடுத்ததும் அந்த அம்மையாரே முதல் கீற்றைக் கட்டினார்.

பிறந்தநாள் கதையைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன், சரி. உக்ரைனில் தினமும் காலை 9 மணிக்கு, போரில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் நின்றுவிடுவார்கள். பல இடங்களில் ரோட்டில் வண்டியே நிற்கும். என் பிறந்தநாளன்று 9 மணிக்கு மண்டபத்தில் கீற்று கையில் இருக்க எல்லாரும் எழுந்து நிற்கிறோம். என் போன் அலறியது. இலங்கையில் அப்போது பதினொன்றரை. தங்கச்சி வீட்டில் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு வீடியோ கோல். அணைக்கப் போன விரல் தவறி அதை எடுத்துவிட்டது. மண்டபம் முழுக்க "ஹேப்பி பர்த்டே டு யூ", அதுவும் எங்கள் வீட்டுச் சுருதியில்.

பூமி பிளந்து உள்ளே போயிருந்தாலும் பரவாயில்லை. நிமிஷம் முடிந்ததும் யாரும் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எல்லாரும் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் நான் கொண்டுபோன தேயிலையை ஊற்றினோம். அவர்கள் பாலில்லாமல், எலுமிச்சைத் துண்டு போட்டுக் குடித்தார்கள். நம் சாயத்தண்ணிதான். அந்த அம்மையார் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். சீருடையில் ஒரு பையன். மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரே வரி வந்தது: "இவனுக்கும் மே மாதம்." உயிரோடு இருக்கிறானா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

சைரன் பற்றிக் கேட்பீர்கள். ஏவுகணை சுமக்கிற ரஷ்ய மிக் விமானம் ஒன்று எழும்பினாலே நாடு முழுக்க எச்சரிக்கை. போனில் அதற்கொரு செயலி, அதன் ஆங்கிலக் குரல் ஸ்டார் வோர்ஸ் நடிகருடையது. முதல் தடவை நடுங்கினேன். மண்டபத்துப் பெண்கள் கத்தரிக்கோலையும் துணியையும் எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போய் அங்கே இருந்து வெட்டினார்கள். நானும் வெட்டினேன். நடுச்சாமத்திலிருந்து விடியற்காலை 5 வரை ஊரடங்கு, அதனால் கேக் வெட்ட யாரும் வெளியே கூப்பிடவில்லை. ஒன்பது நாள் இருந்தேன்.

பண்டாரவளை வேன்காரர்:

தங்கச்சி, நான் வெள்ளைக்காரரை எல்ல, ஹப்புத்தளை என்று ஏற்றி இறக்குகிறவன். இந்தப் பிறந்தநாள் சேவைக் கூட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பையன், இருபத்தைந்து வயது, பிறந்தநாளுக்கு ஏழு கூட்டாளிகளோடு வந்து ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு, அதுதான் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடத்துக்கு, பெயின்ட் அடித்தான். காலையில் சுவர், பின்னேரம் எல்லவில் ஒன்பது வளைவு ரயில் பாலம் பார்க்கிறது. அதே சுவர் நான் பார்க்க மூன்று வருஷத்தில் நான்கு நிறம் மாறியது. பின்னால் இருக்கிற கக்கூஸுக்குத் தண்ணிக் குழாய் இல்லை. அதைக் காட்டினேன், "அது எங்கள் திட்டத்தில் இல்லை" என்றான். பிள்ளைகளைத் தூக்கிப் படம் எடுத்தார்கள், ஆயா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாரும் அப்படி என்று சொன்னால் பாவம். எழுபது வயதில் ஒரு அம்மா வந்தார். மூன்று வாரம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டார். காலையில் கொண்டுபோய் விடுவேன், இரண்டு மணிக்கு ஏற்றுவேன். என்ன அம்மா செய்தீர்கள் என்றால் "நாற்பத்தொன்று" என்பார். எண்ணிக்கை மட்டும்தான். கடைசி நாள்தான் தெரிந்தது, இடையில் அவருக்குப் பிறந்தநாள் வந்து போயிருக்கிறது.

பசறை டீச்சர்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இங்கிருக்கும் பையன்கள் "நாமும் போகலாமா" என்று கிளம்பக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். அவரிடம் இருப்பது வேறு பாஸ்போட். நமக்கு விசா வேண்டும், கொழும்பில் உக்ரைன் தூதரகமே இல்லை, டெல்லியில்தான். அந்த இடைவெளியில்தான் ஏஜன்ட் நுழைகிறான். எங்கள் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஒரு முன்னாள் சிப்பாய், ரஷ்யாவில் முகாம் சமையல் வேலை என்று நம்பி லட்சக்கணக்கில் கட்டிப் போனார். கொண்டுபோய் விட்டது முன்னரங்கில். மனைவி வாரம் ஒரு தடவை பதுளைக்குப் பஸ் ஏறி யார் யாரையோ பார்த்துவிட்டு வருகிறார். 2024இல் இப்படிப் போனவர்கள் பற்றி அரசாங்கமே விசாரணை நடத்தியது. 2022 செப்டம்பரில் உக்ரைன் படை கார்கிவ் பக்கம் முன்னேறியபோது, ரஷ்யர்கள் அடைத்து வைத்திருந்த இலங்கையர் 7 பேரை மீட்டதும் செய்தியில் வந்ததே. அவர்கள் சண்டைக்குப் போனவர்களும் இல்லை.

இன்னொன்று, கோபிக்காதீர்கள் அக்கா. ப்ளைட் காசையும் ஹோட்டல் காசையும் அப்படியே அந்த மண்டபத்துக்கு அனுப்பியிருந்தால் எத்தனை மீற்றர் துணி?

ஹட்டன்காரி:

கோபமில்லை டீச்சர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிறைய வரும். அதை வைத்துப் பார்த்தால் என் ஒன்பது நாள் நட்டம். தோழியின் அம்மாவிடமே இதைக் கேட்டேன். "காசும் அனுப்பு" என்றார். இப்போது மாதம் ஒரு சிறு தொகை போகிறது. போகாமல் இருந்திருந்தால் ஒரே ஒரு தடவை அனுப்பிவிட்டு மறந்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும். பிறந்தநாள் என்று எனக்காகத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன். ஏஜன்ட் விஷயம் நீங்கள் எழுதியது நல்லது, எனக்குத் தோன்றவே இல்லை. சாதாரணப் பயணக் காப்புறுதி அங்கே செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன கிழமைதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரொட்டி தட்டிக்கொண்டே, "அந்தப் பச்சைச் சேலையில் முந்தானைப் பக்கம் அட்டை கடித்த ரத்தக் கறை இருந்திருக்குமே, அதையுமா கொடுத்தாய்?" என்றார். அதையும்தான் என்றேன். "துவைத்தாயா?" என்றார்.

பண்டாரவளை அண்ணே, அந்த அம்மா அட்டை போட்ட பள்ளிக்கூடத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதா? இருபதாம் திகதி வரைக்கும் ஊரில்தான் இருக்கிறேன். அந்த வேலை எனக்கு வரும். கக்கூஸ் குழாய்க்கு யாரைப் பிடிக்க வேண்டும் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.