விளக்குக் கரியும் 1,375 வெள்ளி முன்பணமும்

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்ற அப்பா, தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு 2020ஆம் ஆண்டில் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை வாடகைக்கு எடுத்தார். மாத வாடகை 550 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு மாத முன்பணம் 1,100, தண்ணீர், மின்சாரத்துக்காக அரை மாத வாடகை 275, ஆக மொத்தம் 1,375 வெள்ளி கட்டினோம். 2024இல் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த மூன்றாவது வாரம், வீட்டுக்காரர் 215 வெள்ளியும் ஒரு துண்டுச் சீட்டும் தந்தார்: சாயம் 780, குளியலறைக் கதவு 180, கட்டண பாக்கி 200.

கட்டண பாக்கி என்ற பேச்சு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கடைசி பில்கள் இரண்டையும் கூட்டினால் 71 வெள்ளிதான் வந்தது. கதவின் அடிப்பகுதி தண்ணீரில் ஊறி உப்பியிருந்ததை, குடிவந்த முதல் வாரமே தங்கை படமெடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் பார்த்ததற்கான நீலக் குறிகளும் அப்படியே இருந்தன.

சாயம்தான் இழுபறியானது. நான்காண்டு வெயிலில் வெளுத்த சுவருக்குக் குடியிருந்தவர் பொறுப்பாக முடியாது என்று நான் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் சாமி மேடை இருந்த சுவரைக் காட்டி, "இதுவும் வெயிலா, அண்ணே?" என்று அப்பாவைக் கேட்டார். அங்கே விளக்குப் புகை ஒரு முழ உயரத்துக்குக் கரிய நாக்கைப்போல் படிந்திருந்தது. அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. அந்த ஒரு சுவருக்கு 150 வெள்ளி பிடித்துக்கொள்ளட்டும், மீதி 939 வெள்ளியைத் தரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

அவர் அசையவில்லை. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் அப்போது நாட்டில் இல்லாததால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் கையெழுத்திட்ட தாளுமே எங்களுக்குத் துணை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198ஆம் படிவத்தில் பதியலாம் என்பதால் குவாலா கங்சாருக்குப் போனேன். அங்கே எங்கள் தாளைப் புரட்டிப் பார்த்தவர், முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தம் சாட்சியமாகச் செல்லாது என்றார். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டியிருந்தால் 17 வெள்ளியோடு முடிந்திருக்கும். எங்கள் அலட்சியத்துக்குத் தண்டமும் சேர்த்துக் கட்டினோம்.

முத்திரையிட்ட ஒப்பந்தத்தின் நகலையும் நிரப்பிய படிவத்தையும் காட்டிய பிறகு, வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை 800 வெள்ளியோடு வந்தார். மீதி 139 வெள்ளிக்காக நான் மல்லுக்கட்டத் தயாராக இருந்தேன். அம்மாவோ அதற்குள் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இப்போதைய வீட்டில் சாமான் இறக்குமுன் தங்கை ஒவ்வொரு சுவரையும் காணொளி எடுத்தாள். அப்பா, விளக்குக்குப் பின்னால் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார்; சனிக்கிழமைதோறும் அதிலுள்ள கரியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறார்.