மறுமொழி: ‘டெப்ட் ரிலீஃப் ஓர்டர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பின் குழும உறவுகளுக்கு வணக்கம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள ‘டெப்ட் ரிலீஃப் ஓர்டர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு ஐயா இட்ட மடலுக்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: கடன் நிவாரண ஆணை, கடன் தள்ளுபடி ஆணை, கடன் மீட்பு ஆணை, கடன் விடுவிப்பு ஆணை. முன்மொழிந்தவர்கள் மீது மதிப்பு வைத்தே நான்கையும் மறுக்கிறேன். லண்டனில் கடன் ஆலோசகர்களுக்கும் தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்கும் நடுவில் உரைபெயர்ப்பாளராக அமர்ந்து வருபவன் என்ற முறையில், சொல் பிழைத்தால் கேட்பவருடைய வாழ்க்கையில் என்ன பிழைக்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

சொல்லைத் தேடுமுன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். 1986ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டத்துக்குள் (கடனைக் கட்ட முடியாதவர்களைப் பற்றிய சட்டம் அது) 2007ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியாகச் சேர்க்கப்பட்டு, 2009 ஏப்ரல் 6ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. சொந்த வீடு இல்லாத, மாதச் செலவு போக 75 பவுணுக்கு மேல் மிஞ்சாத, சேமிப்பும் பெறுமதியான பொருட்களும் சேர்ந்து 2,000 பவுணைத் தாண்டாத ஒருவருடைய மொத்தக் கடன் 50,000 பவுணுக்குள் இருந்தால் அவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். 4,000 பவுண் வரை பெறுமதியுள்ள ஒரு வாகனத்தையும் வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் ஒருவர் விண்ணப்பத்தை அனுப்ப, ‘ஒஃபிஷியல் ரிசீவர்’ எனப்படும் அரச அலுவலர் ஆணையைப் பிறப்பிக்கிறார். அன்றிலிருந்து 12 மாதங்களுக்கு, ஆணையில் பட்டியலிட்ட கடன்களைக் கேட்டு யாரும் அவரை நெருக்க முடியாது; இடையில் அவருடைய நிலைமை குறிப்பிடத்தக்க அளவு மேம்படாவிட்டால், 12 மாத முடிவில் அந்தக் கடன்கள் சட்டப்படி இல்லாமற் போகின்றன. தொடக்கத்தில் 15,000 பவுணாக இருந்த உச்சவரம்பு படிப்படியாக உயர்ந்து 2024 ஜூன் 28இல்தான் 50,000 ஆனது. 90 பவுண் விண்ணப்பக் கட்டணமும் அதே ஆண்டு ஏப்ரலில் நீக்கப்பட்டது. கடனை ஒழிப்பதற்கான அந்த 90 பவுணைச் சேர்க்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால், இதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

இனி நிவாரணம் என்ற சொல்லுக்கு வருகிறேன். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடம் அலைந்து, இங்கே வந்து சேர்ந்த ஓர் அம்மாவுக்காக முன்பொரு நாள் உரைபெயர்க்கப் போயிருந்தேன். அவர் கடைப் பையொன்றைத் தலைகீழாகப் பிடித்து ஆலோசகரின் மேசையில் கொட்டினார். அத்தனையும் பிரிக்காத கடித உறைகள். பையை அரிசி மூடைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தபடியால் உறைகளின் மேல் வெள்ளையாக மாப் படிந்திருந்தது. கடனட்டை, வாடகை நிலுவை, உள்ளூராட்சி வரி, மின்சாரம் என்று ஆலோசகர் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார். ‘கடன் நிவாரண ஆணை’ என்று நான் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “நிவாரணம் எண்டால் எவ்வளவு தருவினம் தம்பி? மாதா மாதமோ?”

அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை. நிவாரணம் என்றால் அவருடைய அனுபவத்தில் வரிசையில் நின்று அட்டையைக் காட்டி வாங்கிய அரிசியும் மாவும் பருப்பும்தான். தமிழ்நாட்டிலும் வெள்ள நிவாரணம், புயல் நிவாரணம் என்னும்போது கையில் ஒன்று வந்து சேரும் என்றே பொருள். நாம் பேசும் ஆணையில் யாரும் யாருக்கும் எதையும் தருவதில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டாம் என்று சட்டம் சொல்கிறது, அவ்வளவே.

தள்ளுபடியை மறுப்பதற்கும் இதுவே காரணம். 2021இல் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டபோது, கடன் கொடுத்த சங்கங்களுக்கு அந்தச் சுமையை அரசு ஏற்றுக்கொண்டது. அது ஒரு கூட்டத்தாருக்கு ஒரே நாளில் அரசு அறிவித்த சலுகை. இங்கே தனியொருவர் தன் வரவு செலவைக் கடைசிப் பென்ஸ் வரை எழுதிக் கொடுத்து, ஓராண்டு கட்டுப்பாட்டுக்குள் இருந்து பெறும் தீர்வு. மீட்பு என்ற சொல்லோ ஆபத்தானது. கடன் மீட்புத் தீர்ப்பாயம் என்பது இந்தியாவில் வங்கிகள் கடனை வசூலிக்கப் போகும் இடம். ‘கடன் மீட்பு ஆணை வந்திருக்கிறது’ என்று சொன்னால், வீட்டுக்கு ஆள் வரப்போகிறது என்று கதவைப் பூட்டுவார்கள். விடுவிப்பு அதைவிட மேல் என்றாலும், ‘நிதி விடுவிப்பு’, ‘அடுத்த தவணைக் கடன் விடுவிப்பு’ என்று நாளிதழ்களில் படித்துப் பழகிய கண்ணுக்கு, கடன் பணம் கைக்கு வருவதாகவே அது தோன்றும்.

நான் முன்வைப்பது விடுதலை என்ற சொல். விடுவிப்பு என்றால் கடன் விடுபடுகிறதா, ஆள் விடுபடுகிறாரா என்ற ஐயம் எழும். விடுதலை என்றால் விடுபடுவது ஆள்தான். அதற்கு மேலும் ஒரு பொருத்தம் உண்டு. பிணை என்ற சொல்லை நாம் சிறைக்கும் கடனுக்கும் பொதுவாகவே வைத்திருக்கிறோம். ஒருவருடைய கடனுக்குப் பிணை நின்றவரை இந்த ஆணை காப்பாற்றாது. பெயர் சேர்த்து வாங்கிய கூட்டுக் கடனில் மற்றவருடைய பொறுப்பும் அப்படியே நிற்கும். ‘உங்களுக்கு விடுதலை, உங்களுக்குப் பிணை நின்ற மைத்துனருக்கு இல்லை’ என்று சொன்னால், விளக்கம் எதுவும் தேவைப்படாமல் மேசைக்கு எதிரே இருப்பவருக்கு உடனே விளங்குகிறது. நீதிமன்றத் தண்டப் பணம், மாணவர் கடன், பிள்ளைப் பராமரிப்புப் பணம் ஆகியவை இந்த ஆணைக்குள் அடங்காது என்பதால் விடுதலை முழுமையானதல்ல என்று யாரேனும் மறுக்கலாம். அதை விளக்கவுரையில் சொல்ல வேண்டியதுதான், எல்லா விலக்குகளையும் ஒரு சொல்லின் தலையில் ஏற்ற முடியாது.

ஆனால் உண்மையான சிக்கல் விடுதலையில் இல்லை, கடன் என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதே அம்மாவை ஆணை கிடைத்து ஓராண்டு கடந்தபின் மீண்டும் சந்தித்தேன். மகளுக்கு மாதக் கட்டணத்தில் கைப்பேசி எடுக்கப் போன இடத்தில் மறுத்துவிட்டார்களாம். “அழிஞ்ச கடன் ஏன் தம்பி இன்னும் எழுதிக் கிடக்குது?” என்று கேட்டார். முதற்சந்திப்பில் நான் அவருக்குச் சொன்ன வாக்கியம் எனக்கு நினைவிருந்தது: ‘ஓராண்டில் உங்கள் கடன் முடிந்துவிடும், ஆனால் ஆறாண்டுக்கு உங்கள் கடன் பாதிக்கப்பட்டிருக்கும்.’ இதைக் கேட்டு யாருக்கு என்ன விளங்கும்? ஆங்கிலத்தில் ‘டெப்ட்’, ‘கிரெடிட்’ என்று இரண்டு வெவ்வேறு சொற்களாக இருப்பவற்றை நான் ஒரே சொல்லால் பெயர்த்திருந்தேன். அந்தப் பிழையை அந்த அம்மாதான் சுமந்தார்.

இலங்கைத் தமிழில் இதற்கு விடை நெடுநாளாகவே இருக்கிறது. இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகள், ஒருவர் பட்ட கடனைப் படுகடன் என்றும், கொடுப்பவர் நம்பிக் கொடுப்பதைக் கொடுகடன் என்றும் பிரித்தே எழுதுகின்றன. பொதுப்படுகடன் என்பது நாடு பட்ட கடன். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், கடன் பெற்றவர்களின் நடத்தையைப் பதிந்து வைக்கும் இடம், அதாவது தமிழ்நாட்டார் ‘சிபில்’ என்று சொல்லும் அதே வகை அமைப்பு. இப்பிரிவை ஏற்றால் என் வாக்கியம் இப்படித் திருந்துகிறது: ‘ஓராண்டில் உங்கள் படுகடன் தீர்ந்துவிடும், உங்கள் கொடுகடன் பதிவில் அந்த ஆணை ஆறாண்டு நிற்கும்.’

படுகடன் என்பது படுகொலை, படுகுழி போல ஒலிப்பதாகக் குழுமத்தின் சென்னை அன்பர் ஒருவர் முன்பு எழுதியிருந்தார். கடன்படுதல் என்ற வினையை நாம் எல்லாரும் நாள்தோறும் சொல்கிறோம். படுகடன் அதே வினையிலிருந்து பிறந்த வினைத்தொகை, கொடுகடன் அதற்கு இணையானது. பழகாத காதுக்கு முதலில் உறுத்தலாம் என்பதை ஏற்கிறேன். ஆகவே எழுத்தில் முதல் இடத்தில் ‘படுகடன் விடுதலை ஆணை’ என்று முழுமையாகவும், பிறகும் பேச்சிலும் ‘கடன் விடுதலை’ என்று சுருக்கியும் சொல்லலாம் என்பது என் கருத்து. கொடுகடன் என்பதை மட்டும் எங்கும் சுருக்கக் கூடாது. குழப்பம் பிறப்பது அங்கேதான்.

பதிவு என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கே பதிவுகள் இரண்டு. ஒன்று, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கக்கூடிய அரசின் தனிநபர் நொடிப்புப் பதிவேடு; 12 மாதம் முடிந்து மேலும் மூன்று மாதத்தில், அதாவது ஆணை நாளிலிருந்து 15 மாதத்தில், பெயர் அதிலிருந்து நீங்கிவிடும். மற்றது, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்கள் வைத்திருக்கும் கொடுகடன் கோப்பு. ஆறாண்டு நிற்பது அங்கே. முதலாவதைப் பதிவேடு என்றும் இரண்டாவதைக் கோப்பு என்றும் நிலையாக எழுதினால், ‘என்ர பேர் எடுபட்டிட்டுது எண்டு சொன்னீங்களே’ என்ற கேள்வி எழாது. விடுதலைக்குப் பின் ஒவ்வொரு கடனும் நிலுவை சுழியம் என்று கோப்பில் காட்டப்பட வேண்டும். காட்டப்படாவிட்டால் ஆணைக் கடிதத்தின் படியை அனுப்பித் திருத்தக் கேட்கலாம். ஏன் இந்நிலைக்கு வந்தோம் என்று 200 சொற்களுக்குள் தன் தரப்பு விளக்கத்தையும் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம். நோயாலும் கணவரின் இறப்பாலும் கடன்பட்டவர்களுக்கு அந்த 200 சொல் பெரிய ஆறுதல் என்பதைக் கண்டிருக்கிறேன். அதற்கு ‘தன்விளக்கக் குறிப்பு’ என்று பெயரிட விரும்புகிறேன்.

அந்த 12 மாதத்துக்கு ‘ஒத்திவைப்புக் காலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். 2020இல் கொரோனாவின்போது இந்தியாவில் வங்கித் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டதையும், அந்தக் காலத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே போனதையும் நினைத்துப் பாருங்கள். ஒத்திவைத்தது திரும்பி வரும். இங்கே திரும்பி வராது என்பதே செய்தி. ‘வசூல் தடைக்காலம்’ போதும். மீன்பிடித் தடைக்காலம் என்றால் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்று கரையோரத்தில் எல்லாருக்கும் தெரிவது போல, இதற்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பது சொல்லிலேயே தொனிக்கிறது. தடை கடன் கொடுத்தவருக்கு. கடன்பட்டவருக்கும் அக்காலத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. 500 பவுணோ அதற்கு மேலோ கடன் கேட்டால் ஆணையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நீதிமன்ற அனுமதியின்றி நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. சீட்டுக் காசையும் உறவினரின் கைமாற்றையும் மறைக்காமல் பட்டியலில் எழுத வேண்டும் என்பதையும், அவர்களுக்கு மட்டும் முந்திக் கொடுத்தால் விண்ணப்பமே மறுக்கப்படலாம் என்பதையும் நம்மவர்களுக்கு நான் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்வது வழக்கம்.

இது இங்கிலாந்துத் தமிழருக்கு மட்டுமான சொல்லாக்கம் என்று தமிழ்நாட்டு உறுப்பினர்கள் விலகி நிற்க வேண்டாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பிலும் ஆண்டு வருமானம் 60,000 ரூபாயும் கடன் 35,000 ரூபாயும் தாண்டாத ஏழைக் கடனாளிகளுக்கு ‘புதுத் தொடக்கம்’ என்ற ஏற்பாடு எழுதப்பட்டு, ஆண்டுகள் பல நடைமுறைக்கு வராமலே கிடந்தது. அது உயிர்பெறும் நாளில் இதே சொற்கள் அங்கும் தேவைப்படும். திவாலானவர்களைச் சுட்டும் மஞ்சள் கடுதாசி என்ற பழம்பெயரின் தலைகுனிவை அவர்கள் மீது ஏற்றாத சொற்களாக அவை இருக்க வேண்டும்.

ஆணை பெற்றவர்களுக்கான தமிழ்த் துண்டறிக்கையின் முதற்பத்தியைக் கீழ்வருமாறு எழுதியிருக்கிறேன். கடல் கடந்த இரு கரையினரும் வாசித்து, எந்தச் சொல்லில் நாக்கு இடறுகிறது என்று சொல்ல வேண்டுகிறேன்.

‘உங்களுக்குப் படுகடன் விடுதலை ஆணை கிடைத்துள்ளது. இன்றிலிருந்து 12 மாதம் வசூல் தடைக்காலம். பட்டியலிலுள்ள கடன்களுக்காக எவரும் உங்களை நெருக்க முடியாது. அதன் முடிவில் அக்கடன்கள் தீர்ந்துவிடும். 15 மாதத்தில் உங்கள் பெயர் அரசுப் பதிவேட்டிலிருந்து நீங்கும். உங்கள் கொடுகடன் கோப்பில் இந்த ஆணை, அது பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து ஆறாண்டு இருக்கும். அதுவரை புதிதாகக் கடன் பெறுவதும் வாடகைக்கு வீடு எடுப்பதும் கடினமாக இருக்கலாம்.’

‘ஒஃபிஷியல் ரிசீவர்’ என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் அகப்படவில்லை. பெறுநர் என்றால் கடிதம் பெறுபவர் என்றாகிவிடுகிறது. அடுத்த மடலில் யாராவது அதிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
லண்டனிலிருந்து ஓர் உரைபெயர்ப்பாளர்