ஒருவரே சத்தியம் என்றால் எதை ஆராய்வது?

கேள்வி:
யோவான் 14:6-இல் "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிறார் இயேசு. ஒரு கூற்றை மெய்யா பொய்யா என்று ஆராய்ந்து பார்க்கலாம். ஒருவர் தம்மையே சத்தியம் என்று சொல்லும்போது எதை ஆராய்வது, எதை ஏற்பது? விசுவாசிகள் இதை எவ்வாறு புரிந்துகொள்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
சகோதரரே, இது சீஷராகிய தோமாவின் கேள்விக்கு இயேசு அளித்த பதில். தோமா வழியைக் கேட்டார். இயேசு தம்மையே காட்டினார். அதே இரவில், சற்று முன்புதான், அவர் மேல் வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு, தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாஸ் உட்பட, சீஷர்களின் கால்களைக் கழுவியிருந்தார். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று தொடர்ந்து சொல்கிறார் அல்லவா? அப்படியானால், கடவுள் எப்படிப்பட்டவர் என்பதற்கு அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகே குனிந்திருந்தவரே விடை. சத்தியம் என்று நாங்கள் அறிக்கையிடுவது முதலில் இதைத்தான்.

மறுமொழி 2:
இதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆயினும் ஆராய எதுவுமில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று 1 கொரிந்தியர் 15-இல் பவுல் வெளிப்படையாக எழுதுகிறார். கேபா (அதாவது பேதுரு), யாக்கோபு என்று சாட்சிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதோடு, உயிர்த்தெழுந்தவரை ஒரே வேளையில் கண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் சொல்கிறார். விசாரணைக்கு அஞ்சுகிறவர் எழுதும் எழுத்து அல்ல இது. நடந்ததா இல்லையா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டால் நம் விசுவாசம் வெறும் உணர்ச்சியாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவ்வாறாயின், ஆராய்ந்து ஒப்புக்கொண்டால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் யாக்கோபு. "சத்தியம் உங்களை விடுதலையாக்கும்" என்ற வசனத்தை (யோவான் 8:32) மட்டும் தனியே எடுத்து எழுதிவைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது, அது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் அதற்கு முந்தைய வசனத்திலேயே, என் உபதேசத்தில் நிலைத்திருந்தால் என்ற நிபந்தனை இருக்கிறது. நிலைத்திருத்தல் முதலில், அறிதல் அதன் பிறகு. யோவான் 3:21-உம் சத்தியத்தின்படி செய்கிறவனைப் பற்றியே பேசுகிறது. நேரம் கிடைக்கும்போது யோவான் 13-ஆம் அதிகாரத்தில் தொடங்கி, "சத்தியமாவது என்ன" என்று இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்து கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெளியே போகும் இடம்வரை சேர்த்துப் படியுங்கள். ஐயம் எழுந்தால் இங்கேயே எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.