ஏடிஎம் விசி (தரவைச் சிறு செல்களாக அனுப்பும் இணைப்பு) வழியாக ஐபி: சிங்க் இருக்கிறது, பிங் இல்லை (அவசரம்)

அணில்80, இரவு 9:12
வணக்கம். அலுவலக டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி இணைய) மோடம் திங்கட்கிழமை இடியில் கருகிவிட்டது. என்னிடம் கிடந்த லான்டிக் சிப் ரவுட்டர் ஒன்றில் ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) ஏற்றி மாட்டினேன். டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிகிறது, சிங்க் (கம்பி இணைந்த வேகம்) 2048 காட்டுகிறது, ஐபியும் கேட்வேயும் கையால் கொடுத்தாயிற்று, ஆனால் பிங் (மறுமுனைக்குச் சோதனைப் பாக்கெட்) போகவே மாட்டேன் என்கிறது. டிரைவர் அமைப்பில் எங்கே தவறு? காலை ஆறு மணிக்குப் பால் கொள்முதல் கணக்கு ஏற்ற வேண்டும், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கொன்றை, 9:20
விபிஐ, விசிஐ (விசியின் எண்கள்) எவ்வளவு? உறை எல்எல்சியா, விசி மக்ஸா? பேலோடு (உள்ளே போகும் சரக்கு) பிரிட்ஜ்டா (முழு ஈதர்நெட் சட்டம்), ரவுட்டடா (வெறும் ஐபி)? பிபிபிஓஇ (யூசர்நேம் கேட்கும் உள்நுழைவு) உண்டா? இந்த நான்கும் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

செம்புக்கம்பி, 9:24
இடி விழுந்த லைன் என்கிறீர்கள், முதலில் போனையும் டேட்டாவையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். எங்கள் தெருவிலும் இப்படித்தான், விளக்கு எரியும், டேட்டா வராது, கடைசியில் ஜன்னலோரம் இருந்த ரோசெட்டுக்குள் (கம்பி இணைப்புப் பெட்டி) பச்சை பூத்துக் கிடந்தது. எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு உள்ள மிச்சம்) எவ்வளவு என்று போடுங்கள்.

மேட்டுத்தெரு, 9:31
எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 வையுங்கள். டிஎஸ்எல்லில் பத்தில் ஒன்பது பிரச்சினை அதுதான். அப்புறம் யூசர்நேம், பாஸ்வேர்டு சரியா?

பழைய_மோடம், 9:40
தம்பி, இந்தக் கேள்வியை இங்கே பல முறை பார்த்தாயிற்று. ஏடிஎம்மை ஈதர்நெட் கேபிள் மாதிரி நினைத்துக்கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும். 53 பைட் செல், அதில் 5 தலைப்பு, 48 சரக்கு. ஐபி பாக்கெட்டை ஏஏஎல்5 என்ற ஏடிஎம் அடுக்கு துண்டு துண்டாக்கி அனுப்புகிறது, மேலே எந்த உறை என்பது ஆர்எஃப்சி 2684 விஷயம். 1999-இல் வந்த ஆவணம், 1993-இல் வந்த 1483-க்குப் பதிலாக. அதைப் படித்துவிட்டு வாருங்கள், பாதிக் கேள்வி தானே போய்விடும்.

அணில்80, 9:52
0/35 தான். பிபிபிஓஇ கிடையாது, யூசர்நேம் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை, நிலையான ஐபி, மாஸ்க் 255.255.255.252. எல்எல்சி, பிரிட்ஜ்டு என்று வைத்திருக்கிறேன், எல்லோரும் அப்படித்தானே வைக்கிறார்கள். ஸ்ப்ளிட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், மாற்றம் இல்லை. மார்ஜின் 17.

கொன்றை, 9:58
17 என்றால் கம்பி நன்றாக இருக்கிறது. எம்டியூவும் இல்லை, சாதாரண பிங் 84 பைட்தான், அது எம்டியூவில் மாட்டாது. டிஎஸ்எல்0 இடைமுகத்தின் டிஎக்ஸ் (அனுப்பியது), ஆர்எக்ஸ் (வந்தது) எண்ணிக்கை, ஆர்ப் (எந்த ஐபிக்கு எந்த வன்பொருள் முகவரி) அட்டவணையில் கேட்வே வரி, இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு, 10:03
விசி மக்ஸுக்கு மாற்றிப் பாருங்களேன், ரவுட்டடில் எல்எல்சி வீணாக 8 பைட் தின்கிறது. வெறும் ஏக் (பாக்கெட் வந்து சேர்ந்தது என்ற டிசிபி ஒப்புகை) 40 பைட், ஏஏஎல்5 வால் 8, மொத்தம் 48, ஒரே செல்லில் அடங்கிவிடும். எல்எல்சி போட்டால் 56, இரண்டு செல். மெதுவான லைனில் இது பெரிய விஷயம்.

பழைய_மோடம், 10:09
உறையை நாம் ஆசைப்பட்டு மாற்ற முடியாது, மறுமுனையில் என்ன வைத்திருக்கிறார்களோ அதுதான். தவிர அந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும்தான் சரி. லினக்ஸில் டிசிபி டைம்ஸ்டாம்ப் இயல்பாகவே இருக்கும், அது 12 பைட். ஏக் 52 ஆகிவிடும், வாலோடு 60. எந்த உறை போட்டாலும் இரண்டு செல்.

மேட்டுத்தெரு, 10:14
டைம்ஸ்டாம்பை அணைத்தால்?

பழைய_மோடம், 10:17
அணைத்தால் ஏக்கில் ஒரு செல் மிச்சம். 1500 பைட் பாக்கெட்டில் ஒன்றுமே மிச்சமில்லை: எல்எல்சியில் 1516, மக்ஸில் 1508, இரண்டுக்கும் 32 செல். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

மேட்டுத்தெரு, 10:21
அப்லோடு அடைத்துக்கொண்டு நிற்கும்போது ஏக்தான் சார் டவுன்லோடையே தீர்மானிக்கிறது. அதை நான் என் லைனில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அணில்80, 10:26
டிஎக்ஸ் 214, ஆர்எக்ஸ் 0, எர்ரர் 0. ஆர்ப்பில் கேட்வேக்கு நேரே முழுக்க பூஜ்யம்.

கொன்றை, 10:38
டிஎக்ஸ் ஏறுகிறதே என்று நம்ப வேண்டாம். செல்கள் இங்கிருந்து கிளம்பின, அவ்வளவுதான் அதன் பொருள். நிலையான விசியில் "உறை புரிந்தது" என்று மறுமுனை பதில் சொல்லும் ஏற்பாடே கிடையாது. புரியாவிட்டால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

இப்போது உங்கள் பெட்டி செய்வது இதுதான். பிரிட்ஜ்டு என்பதால் முழு ஈதர்நெட் சட்டத்தையும் 10 பைட் தலைப்புக்குள் வைத்து, "கேட்வே யார்?" என்று ஆர்ப் கேள்வி அனுப்புகிறது. மறுமுனை வெறும் ஐபியை மட்டும் எதிர்பார்க்கிறது என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை. யூசர்நேம் இல்லை, நிலையான ஐபி, முப்பது பிட் மாஸ்க், இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ரவுட்டட் மாதிரித்தான் தெரிகிறது. கருகிய மோடம் கையில் இருக்கிறதா? அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

செம்புக்கம்பி, 10:41
அந்த மோடத்தின் அடாப்டரை மட்டும் புதிய பெட்டிக்குப் போட்டுவிடாதீர்கள், இடி வாங்கியது.

அணில்80, 10:55
அக்கா, இருக்கிறது. அடியில் லேபிள் பாதி உரிந்திருக்கிறது, பால்பாயிண்ட் பேனாவில் "0/35 எல்எல்சி 1483ஆர்" என்று எழுதியிருக்கிறார்கள். 1483ஆர் என்பது மாடல் எண் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கொன்றை, 11:01
அதுதான்! ஆர் என்றால் ரவுட்டட். அந்தக் காலத்து மோடம் பக்கங்களில் 1483 பிரிட்ஜ்டு, 1483 ரவுட்டட் என்றே தேர்வு இருக்கும்.

நெட்வொர்க் கோப்பில் ஏடிஎம் பிரிட்ஜ் பகுதிக்குப் போங்கள். விபிஐ 0, விசிஐ 35, என்கேப்ஸ் (உறை) எல்எல்சி, இவற்றைத் தொடாதீர்கள். பேலோடு என்ற வரியில் மட்டும் பிரிட்ஜ்டை எடுத்துவிட்டு ரவுட்டட் என்று எழுதுங்கள். பிஆர்2684சிடிஎல் கட்டளையைக் கையால் ஓட்டுகிறீர்கள் என்றால் பி விருப்பத்துக்கு 1 இருக்குமிடத்தில் 0. மறுபடி துவக்கிய பிறகு ப்ராக், நெட், ஏடிஎம் அடைவுக்குள் பிஆர்2684 என்ற கோப்பைத் திறந்து பாருங்கள், 0.0.35 வரியில் பேலோடு ரவுட்டட் என்று வர வேண்டும். இடைமுகம் பாயிண்ட் டு பாயிண்ட், நோஆர்ப் (ஆர்ப் இல்லை) என்று காட்டும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். எம்டியூ 1500 அப்படியே இருக்கட்டும்.

பழைய_மோடம், 11:10
முதல் பதிவிலேயே அந்த லேபிளைப் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை.

கொன்றை, 11:13
லேபிளில் இருப்பது முக்கியம் என்று தெரிந்தால் அவர் ஏன் சார் இங்கே வந்து கேட்கப்போகிறார்?

மேட்டுத்தெரு, 11:30
பழைய_மோடம் சார், டைம்ஸ்டாம்பை அணைத்துவிட்டு அளந்த கணக்கை நாளை தனி இழையில் போடுகிறேன்.

அணில்80, காலை 5:41
வந்துவிட்டது. ஆர்எக்ஸ் ஏறுகிறது. கேன்கள் இறங்கத் தொடங்கிவிட்டன, அப்புறம் வருகிறேன். நன்றி அக்கா.