ரெண்டரை வயசுப் பையனோட தீம் பார்க்: மேட்டுப்பாளையமா, கொச்சியா?

மங்கலம் ரோட்டுக்காரி, திருப்பூர்

வணக்கமுங்க. பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள பசங்கள ஒருநாள் தீம் பார்க் கூட்டிட்டுப் போறோம்னு வாக்குக் குடுத்திருக்கோம். பொண்ணுக்கு அஞ்சரை வயசு, பையனுக்கு ரெண்டரை. நாத்தனார் பையன் பதினோரு வயசு, அவனும் வர்றான். மாமியாரும் வர்றாங்க, அவங்களுக்கு முட்டி வலி. பெரியவன் கொச்சி வொண்டர்லாதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். வீட்டுக்காரரு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரே போதும்ங்கறாரு. அவருக்கு பனியன் கம்பெனி, ஞாயித்துக்கிழமைதான் லீவு. சின்னவனை வெச்சுக்கிட்டு எது தோதுப்படும்? போய் வந்தவங்க சொல்லுங்க.

காரமடை அக்கா

மேட்டுப்பாளையமே வாங்க. கோயமுத்தூர்ல இருந்து பாசஞ்சர் ரயில் இருக்குது. வடகோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், எங்க காரமடை, அடுத்தது மேட்டுப்பாளையம். ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துரலாம். சின்னவனுக்கு அந்த ரயிலே பாதி சந்தோசம். ஞாயித்துக்கிழமைன்னா வண்டி நேரத்தை முன்னாடியே பாத்துக்கங்க.

கோபி வேன்காரன்

தங்கச்சி, நான் கோபியில டெம்போ டிராவலர் ஓட்டறேன். லீவு மாசம் பூராவும் குடும்பங்களை ஏத்திக்கிட்டு இந்தப் பார்க்குகளுக்குத்தான் ஓட்டம். போறப்ப பசங்க மொகம் எப்படி இருக்குது, திரும்பறப்ப எப்படி இருக்குதுன்னு கண்ணாடியில பாத்துட்டே வர்றவன் நான். எந்தப் பார்க்குங்கறதைப் பெரியவனை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சின்னவனை வெச்சுப் பண்ணுங்க.

கொச்சிப் பார்க் அருமையான பார்க்குங்க. வாளையார் தாண்டி குதிரான்ல 2021ல சுரங்கம் தெறந்ததுல இருந்து ரோடும் எவ்வளவோ தேவலை. இருந்தாலும் திருப்பூர்ல இருந்து கெளம்பினா நடுவுல நிறுத்திப் போறதுக்கு அஞ்சு மணி நேரம் பிடிக்கும். ஒரே நாள்ல போயிட்டு வந்தா ரெண்டரை வயசுக் கொழந்தை வண்டிக்குள்ளயே அழுது ஓஞ்சுரும். ராத்திரி தங்கறதா இருந்தா மட்டும் கொச்சி. இல்லைன்னா அவிநாசி, அன்னூர் வழியா மேட்டுப்பாளையம்.

பெரியவனுக்கு ஒண்ணு சொல்லுங்க. ராட்டினத்துல வயசு பாக்கறதில்லை, உயரந்தான் பாக்கறாங்க. வொண்டர்லாவுல 140 சென்டிமீட்டர் தாண்டுனா பெரியவங்க டிக்கெட். வேகமான ராட்டினங்கள் பலதுக்கும் அந்த 140தான் கோடு. பதினோரு வயசுப் பசங்க பாதிப் பேரு அந்தக் கோட்டுக்கிட்டதான் இருப்பாங்க. செவுத்துல சாய்ச்சு நிறுத்தி டேப்புல அளந்து பாருங்க. 137, 138ன்னு வந்தா வீட்டுலயே சொல்லிருங்க. அத்தனை தூரம் ஆசையா வந்துட்டு ராட்டினத்து வாசல்ல திருப்பி அனுப்பினா பையன் மனசு ஒடிஞ்சு போயிரும்.

இப்பச் சொல்லப் போறதைத் தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. தண்ணியில சின்னவன் இருக்கற வரைக்கும் ஒரு பெரியவங்க அவனைத் தொடற தூரத்துல இருக்கோணும். கரையில உக்காந்து பாத்துக்கறது கணக்குல வராது. தண்ணியில மூழ்கற கொழந்தை கத்தறதில்லை, கைய ஆட்டிக் கூப்படறதுமில்லை, சத்தமில்லாம உள்ள போயிரும். முழங்கால் அளவுத் தண்ணியே போதும். காவலுக்கு விசில்காரர் நிக்கறாருன்னு விட்டுராதீங்க, அவரு நூறு பேரைப் பாக்கறவரு. ‘எல்லாரும் பாத்துக்கலாம்’னு இருந்தா ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. இந்த அரை மணி நேரம் அப்பா, அடுத்த அரை மணி நேரம் அம்மான்னு வாய்விட்டுச் சொல்லி மாத்திக்கங்க, அந்த நேரத்துல செல்போன் பையிலயே இருக்கட்டும். அலைக்குளத்துக்குள்ள சின்னவன் வேண்டவே வேண்டாம், கொழந்தைங்க குளம் போதும்.

துணி விசயம். பல பார்க்குல பருத்தித் துணியோட தண்ணிக்குள்ள விடறதில்லை, நைலான், பாலியெஸ்டர்தான் கேப்பாங்க. நீலம் மட்டும் எடுக்காதீங்க, குளத்துத் தரையும் நீலமா இருக்கறதால கொழந்தை கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு, பளிச்சுனு செவப்பு, கிளிப்பச்சைன்னு பாருங்க. உங்களுக்கென்னங்க, காதர்பேட்டைத் துணிச்சந்தை பக்கத்துலயே இருக்குது. சட்டை உள்பக்கம் மார்க்கர்ல உங்க செல் நம்பரை எழுதிருங்க.

துண்டு ஆளுக்கு ரெண்டு. வைகாசிக் கடைசியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எறங்கிருச்சுன்னா, நனைஞ்ச கொழந்தைக்கு வெயில்லயும் பல்லு கிட்டிக்கும்.

ஞாயித்துக்கிழமை வேண்டாங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு திருப்பூரே கெளம்பி வரும். வீட்டுக்காரரை நடுவாரத்துல ஒருநாள் லீவு கேக்கச் சொல்லுங்க. கதவு தெறக்கறப்ப உள்ள போயி மூணு மணிக்கு வெளிய வந்துருங்க. டிக்கெட் காசு முழுசும் வசூலாகோணும்னு அஞ்சு மணி வரைக்கும் இழுத்தா கடைசி ரெண்டு மணி நேரம் பசங்களுக்கு அழுகை, பெரியவங்களுக்கு எரிச்சல்.

ஈரோட்டு நர்ஸ்

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. சாதா டயப்பரோட தண்ணியில எறக்காதீங்க, ஊதிப் பெருத்துத் தொங்கும். தண்ணிக்குன்னே தனி டயப்பர் விக்குது. ஒதடு நீலம் பாஞ்சாலோ ஒடம்பு நடுங்கினாலோ உடனே வெளிய தூக்கித் தொவட்டி ஒணந்த துணி போடுங்க. தண்ணியில ஆடறப்ப தாகம் தெரியாது, கேக்காட்டியும் அரை மணிக்கொரு தடவை குடிக்கக் குடுங்க.

மங்கலம் ரோட்டுக்காரி, திருப்பூர்

ரொம்ப நன்றிங்ணா, நன்றிங்க்கா. பெரியவனை அளந்தோம், 136. மொதல்ல மொகம் வாடிருச்சு, இப்ப மேட்டுப்பாளையத்துக்குச் சரின்னுட்டான். புதன்கிழமை லீவு கேட்டிருக்காரு. இன்னும் ரெண்டு சந்தேகம்ங்ணா. மாமியாரு தண்ணியில எறங்கமாட்டாங்க, டிக்கெட் தண்டமாயிருமேன்னு வரவே தயங்கறாங்க. அப்பறம் தக்காளி சாதம் கட்டிட்டுப் போலாமுங்களா?

கோபி வேன்காரன்

அம்மாவைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க தங்கச்சி. மத்தியானம் சாப்பிட்டதும் சின்னவன் தூங்குவான். நெழலா ஒரு எடம் பாத்து அவங்க மடியில படுக்க வெச்சீங்கன்னா, அந்த நேரத்துல நீங்க பொண்ணோட தண்ணியில ஆடலாம், அவரு பெரியவனைக் கூட்டிக்கிட்டு ராட்டினத்துக்குப் போகலாம். கொழந்தைக்கு மாத்தி மாத்தி ஆள் நிக்கோணும்ங்கற கஷ்டமே தீந்துரும். முட்டி வலிக்கு, வாசல்லயே எறக்கி விட்டுட்டு வண்டிய நிறுத்தப் போகச் சொல்லுங்க.

வெளிச் சாப்பாடு பொதுவா உள்ள விடமாட்டாங்க. சின்னவனுக்குப் பாலு, கஞ்சி கொண்டு போறதை வாசல்ல சொல்லிக் கேளுங்க. தக்காளி சாதம் வண்டியிலயே இருக்கட்டும், ஆனா சாயங்காலம் வரைக்கும் கெடாம இருக்கோணும், தேங்காப்பால் ஊத்தாதீங்க. வெளிய வந்ததும் அங்கயே குடுத்துருங்க. அன்னூர் வர்றதுக்குள்ள மூணு பேரும் தூங்கிருவாங்க.