கண்டாங்கிக் கட்டத்தில் முதல் பூ: எம்பிராய்டரி பழகிய அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

லீவு நாட்களில் எங்கள் வீட்டு முகப்பில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கை எம்பிராய்டரி சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது மயில்தான். மயில் அப்புறம் ஆகட்டும் என்று சொல்லி, பழைய கண்டாங்கிச் சேலையில் வெட்டிய துண்டு ஒன்றைக் கொடுப்பேன். புதிதாகப் பழகுபவர்களுக்கு ஊசி பிடிப்பது சிரமமே இல்லை, தையல் நேராக ஓடாததுதான் சிரமம். கண்டாங்கியில் கோடும் கட்டமும் நெசவிலேயே இருப்பதால் டிசைன் வரையப் பென்சிலும் வேண்டாம், கார்பன் பேப்பரும் வேண்டாம்.

போன கோடையில் ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். துண்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. “ஆச்சி, இது ஆயா கட்டுற சேலை. இதுல போயி பூப்போடுறதா?” என்றாள். சரி, ஒரு கோட்டின் மேல் மட்டும் ஓடுதையல் போடு என்றேன். ஒரு வரி முடித்தாள், பக்கத்து வரியில் இடைவெளி விழாமல் ஊசியைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் போடும் பின் தையல் போட்டாள். அதன் பிறகு இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டினேன். அந்தப் புள்ளிதான் பூவின் நடு. கோடுகளின் மேலேயே நான்கு இதழ், இடைவெளிகளில் நான்கு இதழ், எல்லாம் லேசி டெய்சி. புள்ளியிலிருந்து ஊசியை மேலே எடுத்து, அதே இடத்தில் திரும்ப இறக்கி, நூலை வளையமாக விட்டு, வளையத்தின் நுனியைச் சின்னத் தையலால் பிடித்துவிட்டால் ஓர் இதழ் ஆயிற்று. எட்டும் முடிந்து நடுவில் மஞ்சள் நூலில் பிரெஞ்சு நாட், அதாவது நூலை ஊசியில் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு, வைத்தபோது அவள் யாரிடமும் பேசவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை அடுத்தடுத்த கட்டங்களில் பூ போட்டுக்கொண்டே இருந்தாள்.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். இரண்டு இழை மட்டும் பிரித்து எடுங்கள். நீளம் ஒரு முழம் போதும். அதற்கு மேல் போனால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும், துணிக்குள் போய் வந்தே நூல் நைந்துவிடும். கட்டிக் கட்டி மெலிந்த சேலை என்றால் அடியில் வேட்டித் துணி ஒன்றை வைத்து, துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையத்தில் மாட்டுங்கள். கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப்பட்ட புதுச் சேலையில் ஊசி வைக்க எனக்கே மனசு வராது, பழகுவதற்குப் பழசுதான் நல்லது.

தேவகோட்டையிலிருந்து:

எனக்கு டிசைன் கிடைத்தது தரையில்! எங்கள் வீட்டு வளவில், அதாவது உள் முற்றத்தைச் சுற்றிய இடத்தில், ஆத்தங்குடிக் கல் என்கிற பூப்போட்ட தரை ஓடு பதித்திருக்கிறது. ஒரு கல்லின் மேல் பட்டர் பேப்பரை விரித்துப் பென்சிலால் அப்படியே எடுத்துவிட்டேன். நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு முழுப்பூ வரும் என்பதால், ஒரு கல்லை எடுத்தாலே போதும், அதையே நான்கு தடவை திருப்பித் திருப்பி வைத்துக்கொள்ளலாம். துணிக்கு மாற்ற மஞ்சள் கார்பன்.

ஆத்தங்குடியில் கல் செய்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் எதை முதலில் தைப்பது என்று எனக்குத் தெளிந்தது. கண்ணாடிமேல் தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு வண்ணச் சாந்தை ஊற்றுகிறார்கள். அறைகளுக்கு நடுவில் தகடு நிற்பதால் சிவப்பும் பச்சையும் கலப்பதில்லை. அச்சை எடுத்துவிட்டு மேலே சிமெண்டும் மணலும் போடுகிறார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியால் வருவது. தையலிலும் நான் முதலில் எல்லைக்கோடு முழுவதையும் பின் தையலில் முடித்துவிடுகிறேன், வண்ணம் நிரப்புவது அதன் பிறகுதான். நூலை நெருக்கமாக அடுக்கி நிரப்புகிற சாட்டின் தையல் பழகாதவர்கள் வரிவரியாகச் சங்கிலித் தையல் போட்டே நிரப்பலாம். பெரிய இடத்துக்கு அதுதான் அழகு என்பேன். சாட்டினில் நூல் நீளமாகக் கிடந்து வளையலில் மாட்டும்.

என் அப்பத்தா தலையணை உறையைத் தடவிப் பார்த்து, “ரெண்டாங்கட்டுத் தரையில்ல இது!” என்றார்கள். எந்த மூலைக் கல் என்று கூடச் சொன்னார்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். சிவப்பு நூலில் அழகாகப் போட்ட மேசை விரிப்பு முதல் சலவையில் சாயம் இறங்கி வீணானது. விலை மலிவாகக் கிடைத்த நூல் அது. இப்போது எந்த அடர் நிற நூலையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் ஊசியில் கோப்பதில்லை.

காரைக்குடியிலிருந்து:

நல்லதைச் சொன்னீர்கள் ஆச்சி. துணிக்கும் அதே சோதனை வேண்டும். அரக்கு நிறக் கண்டாங்கி என்றால் தனியாக ஒரு தடவை அலசி, நிழலில் உலர்த்திவிட்டுத் தொடங்குங்கள். இஸ்திரி போடும்போது பூவைக் கவிழ்த்து, அடியில் தடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொண்டால் பிரெஞ்சு நாட் அமுங்காது.