6 அடி 2 அங்குலம், ப்ளஸ் ஒன் பையன்: பாளையங்கோட்டையில இருந்து பாஸ்கெட்பால் லீக் வரைக்கும் வழி என்ன?

வண்ணாரப்பேட்டை மணி:
அண்ணாச்சிமாரே, தங்கச்சி மகன் பாளையங்கோட்டையில ப்ளஸ் ஒன் படிக்கான். வயசு 16. ஸ்கூல் டீம்ல சென்டர், அதாவது ரிங்குக்குக் கிட்ட நிக்கிற நெட்டை ஆளு. குறுவட்டம், மாவட்டம் ரெண்டுலயும் ரீபவுண்ட் (தவறின ஷாட் திரும்பி வர்ற பந்து) பூரா அவன் கையிலதான். ஸ்கூல் முடிச்சதும் நேரா அமெரிக்க லீக் என்.பி.ஏ.வுக்குப் போயிரலாம்னு நெனப்பு. நடக்குமா? இப்ப எதை மாத்தணும்?

பாளை பாயிண்ட் கார்டு:
நேரா போற வாசலை அடைச்சு ரொம்ப வருசமாச்சு. கெவின் கார்னெட் (1995), கோபி பிரையன்ட் (1996), லெப்ரான் ஜேம்ஸ் (2003) எல்லாம் ஸ்கூல்ல இருந்தே டிராஃப்ட் (என்.பி.ஏ. டீம்கள் புது ஆளை வரிசையா எடுக்கிற தேர்வு) ஆனவங்க. 2006 டிராஃப்ட்ல இருந்து, அந்த வருசத்துக்குள்ள 19 வயசு ஆகியிருக்கணும். அமெரிக்காவுல படிச்ச பையன்னா ஸ்கூல் முடிச்சு ஒரு வருசமும் போயிருக்கணும்.

நம்ம நாட்டுல இருந்து போன சத்னம் சிங்கைப் பாருங்க. பஞ்சாப் கிராமம், லூதியானா அகாடமி, 2010-ல ஃப்ளோரிடா ஐ.எம்.ஜி. அகாடமி. 2015-ல டல்லாஸ் மேவரிக்ஸ் 52-வது ஆளா எடுத்தாங்க. 7 அடி 2 அங்குலம் இருந்தும் என்.பி.ஏ. மேட்ச்ல இறங்க வாய்ப்பு வரலை, கீழ இருக்கிற டி-லீக்லதான் ஆடினார். நெட்டை மட்டும் போதாதுங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?

மூணு பாயிண்ட் லைன்:
மணி அண்ணாச்சி, முக்கியமான விசயம் அவன் ஆடுற இடம். 6 அடி 2-ல சென்டர் ஆடுறது மாவட்டத்தோட முடிஞ்சிரும். மாநில டீமுக்குப் போனா அது கார்டு, அதாவது வெளிய நின்னு பந்தைக் கொண்டு போறவனோட உயரம். இப்பவே மாத்தலன்னா 18 வயசுல ரெண்டு இடத்துக்கும் ஆகாத பையனா நிப்பான்.

சென்டர் ஆடிப் பழகினவனுக்கு ரிங்குக்கு முதுகு காட்டித்தான் ஆட வரும். பந்தைத் தரையில தட்டுற டிரிபிள் இடுப்புக்கு மேல எழும்பும், இடது கை சும்மா தொங்கும். தினம் 15 நிமிசம் இடது கை மட்டும், பந்து முழங்கால் உயரம். எதிர்ல ஒருத்தன் விரலைக் காட்டணும், இவன் எண்ணைச் சொல்லிக்கிட்டே தட்டணும். அப்பத்தான் தலை நிமிரும்.

ஷூட்டிங் ஆரம்பிக்கு முன்னால டேப் எடுத்து ரிங் உயரத்தை அளந்துருங்க. 3.05 மீட்டர் இருக்கணும். பயலுவ தொங்கித் தொங்கி முன்பக்கம் சரிஞ்சிருக்கும். அதுல பழகினவன் நல்ல கோர்ட்டுக்குப் போனா பந்து முன்னாலயே விழும். மூணு பாயிண்ட் கோடும் அப்படித்தான். 2010-ல 6.25 மீட்டர்ல இருந்து 6.75 ஆக்கியாச்சு, பழைய பெயின்ட் அடிச்ச கோர்ட்ல இன்னும் பழைய கோடு கிடக்கும். சாக்பீஸால புதுசா வரைஞ்சுக்கிடுங்க.

ரிங்குல இருந்து ஒன்றரை மீட்டர்ல ஒத்தக் கையால தொடங்கி, வரிசையா 10 விழுந்தா ஒரு எட்டு பின்னால. பின்னால போகப் போக முழங்கை வெளிய விரிஞ்சா காலை மடக்காம கையாலயே தள்ளுறான்னு அர்த்தம். உடனே ஒரு எட்டு முன்னால கொண்டு வாங்க. ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவை ஓடிக் களைச்ச பிறகு ரெண்டு ரெண்டாத்தான் போடணும், மேட்ச்லயும் அப்படித்தானே வரும்.

ஸ்கூல் மேட்ச்ல பெரும்பாலும் ஷாட் கிளாக், அதாவது ஷாட் போட நேரம் எண்ணுற கடிகாரம், ஓடாது. பயிற்சியில யாராவது 24 வினாடி சத்தமா எண்ணுங்க.

சிமென்ட் கோர்ட்:
முழங்காலுக்குக் கீழ முன் எலும்புல புடைச்சு வலிக்குதான்னு கேளுங்க. வளர்ற வயசுல சிமென்ட் தரையில குதிச்சா வரக்கூடியது. வலியோட ஓட்டாதீங்க, குதிக்கிறதைக் குறைச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. பங்குனி, சித்திரையில காலை 7 மணிக்குள்ள முடிச்சிரணும். முட்டை, கடலை, பாசிப்பயறு, மீன் போதும். டப்பா பவுடர் வேண்டாம். லேபிள்ல இல்லாத தடை மருந்து கலந்திருந்தாலும் தண்டனை ஆடுறவனுக்குத்தான்.

வண்ணாரப்பேட்டை மணி:
கண்ணைத் திறந்துட்டீங்க. அமெரிக்க காலேஜ் வழி?

பாளை பாயிண்ட் கார்டு:
முதல் டிவிஷன், அதாவது அங்க காலேஜ் போட்டியோட மேல்தட்டுல ஆட 16 அடிப்படைப் பாடம், சராசரி 4-க்கு 2.3 புள்ளி. 9-ம் வகுப்புல இருந்தே மார்க் பார்ப்பாங்க, அதனால ஒரு மார்க்‌ஷீட்டையும் தொலைக்காதீங்க. முழு மேட்ச் வீடியோவும் வேணும். நல்ல ஷாட்டை மட்டும் வெட்டி ஒட்டினா கோச்சுக்கு டிஃபென்ஸ் தெரியாது.

இங்கயே போற வழிதான் அதிகம் நடக்கும். ஸ்கூல் போட்டி ஒரு தடம், மாவட்டக் கழகம் வழியா ஜூனியர் மாநிலத் தேர்வு இன்னொரு தடம். ஸ்கூல் போட்டியோட நின்னுட்டு ரெண்டாவதைத் தவற விடுற பசங்க நிறைய. ரெண்டுக்கும் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே தேதியில இருக்கணும். அடுத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சென்னைக் காலேஜ், அங்கிருந்து வங்கி, ரயில்வே டீம். 2022-ல தொடங்கின இந்திய தேசிய பாஸ்கெட்பால் லீக்ல சென்னை ஹீட் டீமும் இருந்துச்சு. மாவட்டத் தேர்வு எப்பன்னு அண்ணா ஸ்டேடியத்துல போய் இந்த வாரமே கேட்டுருங்க.